டையும் லுங்கியும்

ஒருகாலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிவைத்த குடோனுக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, வாசலில் துருப்பிடித்த நூற்பு எந்திரம் ஒன்றை நிறுத்தி, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கையும் தொங்கவிட்டால் கலைக்கூடம் தயார் என்று நினைக்கிறவர்கள் கோயமுத்தூரில்தான் இருக்க முடியும். தாத்தா மில்லை நடத்தினார், அப்பா மில்லை மூடினார், பேரன் ரோஹித் மூடிய மில்லைக் காட்சிக்கு வைத்திருக்கிறான். அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. நான் வந்ததும் எனக்கு நாற்காலி போடச் சொன்னான். கலையைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேக்கில் இழைத்த முதுகில்லாத பெஞ்சுகள், கலைஞரின் கணவனுக்குக் கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. பரவாயில்லை, இதில் சாயவாவது முடிகிறது. முதுகில்லாத பெஞ்சில் உட்கார்ந்தால்தான் எதையும் ஆழமாகப் பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தவனை ஒரு நாள் முழுக்க அதிலேயே உட்காரவைக்க வேண்டும். ஆறு மணிக்குத் திறப்பு. ஏணி மேல் ஒருவர் விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், மூலையில் ஒரு பெண் குத்துவிளக்குக்கு மல்லிகைச் சரம் சுற்றுகிறாள், பின்கட்டிலிருந்து சமோசா வாசம் வருகிறது, எல்லாம் கல்யாண வீடுதான், பெண் மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பஞ்சு அடைத்த உடம்புகள். எனக்கு நேர் எதிரே, உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டாத, எழுந்து போனால் உடனே எட்டிவிடுகிற தூரத்தில், தாழ்வான மரப்பலகை மேல், நான் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

தலையணைக்குக் கை கால் முளைத்த மாதிரி, அவ்வளவுதான். என் மனைவி மங்கையின் முறை இது: ஆளைப் படமெடுப்பாள், அதைக் காடாத் துணியில் ஆளளவுக்கு அச்சடித்து வாங்குவாள், முகம் கை கால் என்று துண்டு துண்டாக வெட்டி உள்பக்கம் திருப்பித் தைப்பாள், விலாவில் ஒரு கை நுழைகிற அளவுக்குத் தையல் போடாமல் விட்டு அந்த வழியாக இலவம்பஞ்சைத் திணிப்பாள். தட்டையாகக் கிடந்த படம் மெதுவாக உப்பிக்கொண்டு எழுந்து ஆளாகும். ஆளாகும் என்பது அவள் வார்த்தை. உப்பும் என்பது என் வார்த்தை. என் முகம் உப்பியிருக்கிறது, காதிலிருந்து தாடை வரை ஒரு தையல் ஓடுகிறது, வாய் கொஞ்சம் திறந்து கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தொடைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டிருக்கிறேன். மேலே இளநீல முழுக்கைச் சட்டை, என் நிஜச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். கழுத்தில் அரக்கு நிற டை, அதுவும் என்னுடையதுதான். இடுப்புக்குக் கீழே என் பச்சைக்கட்டம் போட்ட லுங்கி, இடது முட்டிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய முட்டித் தழும்பைக்கூட விடாமல் அச்சடித்திருக்கிறாள். "அந்த நீலச் சட்டைய இனிமேட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டாள், அதைப் பார்த்தாலே எரிகிறது, எடுத்துக்கொள் என்றேன், ஜன்னல் துடைக்கத்தான் என்று நினைத்தேன். லுங்கி கொடியிலிருந்து காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டேன். இன்றைக்குக் காலையில் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள், "ஏனுங்க, அங்க ஒண்ணு நீங்க பாக்கோணும். பாத்துப்போட்டு வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆளுங்க வர்றதுக்குள்ள எடுத்து வேன்ல போட்டுடறேன். ஒண்ணும் சொல்லாம வந்துட்டு அப்பறம் ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." வேண்டாம் என்பது ஒரே ஒரு வார்த்தை. சொல்வதற்கு எழுந்திருக்கக்கூட வேண்டாம். வாசலில் ரோஹித்தோடு நின்றுகொண்டிருக்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறாள் என்பது அவள் முதுகிலேயே தெரிகிறது.

டையோடு லுங்கி ஏன் என்று விளங்காதவன் இந்தக் காலத்தில் யார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலைக்கு நேர்காணல் கொடுத்த எவனும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், இடுப்புக்கு மேலே உத்தியோகம், கீழே வீடு. அதன் பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுவான்: பட்டப்பகல், நரைத்த மீசை, சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சோபாவில் சுருண்டு கிடக்கிறான், அப்படியானால் வேலை கிடைக்கவில்லை. பர்மிங்காமை விட்டு நான் ஏன் வந்தேன் என்று கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது ஒரே வாசகம், அலுத்துப்போச்சுங்க, எத்தனை வருசத்துக்கு அடுத்தவன் ஊர்ல பனி தள்றது. நன்றாக இழைத்துப் பாலிஷ் போட்ட வாசகம், மச்சானிடம் சொன்னேன், வாக்கிங் வருகிறவர்களிடம் சொன்னேன், இந்த ரோஹித்திடம்கூடச் சொன்னேன், அவன் கண்ணில் நீர் வராத குறையாக "ரூட்ஸ், ஸார், ரூட்ஸ்" என்றான். அங்கே படிக்கிற என் மகளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்பா பெரிய வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வாளாம். உதறியது நான் இல்லை. பம்பு வடிவமைக்கிற பிரிவையே மூடிவிட்டு, கைகுலுக்கி, பெயர் அட்டையை வாங்கிக்கொண்டு, என் பொருட்களைப் போட்டுக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்தார்கள். மங்கைக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லியிருக்கிறாள், வாயால் அல்ல, ஊசியால். ராத்திரிக்குள் இந்தப் பொம்மையின் படம் எல்லாருடைய போனுக்கும் போய்விடும், மகளுடைய போனுக்கும். எனக்குத் தெரியாமல் எடுத்த படம். தூங்குகிறவனைப் படமெடுப்பது, அதுவும் கட்டினவனை.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அறிமுகம் ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆறாவது வரை தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் எரிச்சலடைகிற வசதி எனக்கு உண்டு. நொய்மையின் நிலப்பரப்பு, என்கிறது சுவர். உடல் தன் காப்பை இழக்கும் கணத்தில் புகைப்படமும் துணியும் ஒன்றையொன்று ஐயுறுகின்றன, என்கிறது. ஐயுறட்டும். எங்கள் வீட்டில் நொய் என்றால் உடைந்த அரிசி, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைப்பார்கள். இதை எழுதியவர் தன் வாழ்க்கையில் எதையாவது ஐயுற்றிருப்பாரா, வாஷிங் மெஷின் துணியைப் பிழிகிறதா என்றாவது. மங்கை இப்படிப் பேச மாட்டாள். "தூங்கறப்பத்தானுங்க மனுசன் முழுசாக் கெடைக்கறான்" என்று ஒரு தரம் சொன்னாள், நான் பேப்பரைத் தாழ்த்தாமல் "போலீசும் அதைத்தான் சொல்லும்" என்றேன். அந்தப் பக்கம் அவளுடைய அத்தை கால் தொங்கிக்கொண்டிருக்கிறது, கால் மட்டும், புடைத்த நரம்புகளை நீல நூலில் எம்பிராய்டரி போட்டிருக்கிறாள். இந்தப் பக்கம் அவளுடைய சொந்தக் கை, மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு, வடு இருக்கிற இடத்தில் மட்டும் துணியைச் சுருக்கித் தைத்திருக்கிறாள், தொட்டால் கரடுமுரடாக இருக்கும்போல. நன்றாகத்தான் இருக்கின்றன. அது வேறு விஷயம். அத்தை காலைப் பார்த்துவிட்டு யாரும் அத்தைக்கு வேலை போய்விட்டது என்று சொல்லப்போவதில்லை.

அந்த வடு பர்மிங்காமில் பட்டது. லாண்டரி கடையின் பின்னறையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட்டைக் குட்டையாக்கிக்கொடுக்கிற வேலை அவளுக்கு, வாரம் ஒரு சாயங்காலம் ஏதோ சர்ச் ஹாலில் தையல் சிற்பம் என்று ஒரு வகுப்பு. தையல் சிற்பம். கல்லாப் பெட்டி நாட்டியம் என்றுகூட ஒரு வகுப்பு வைப்பார்கள், அங்கேயும் நாலு பேர் சேருவார்கள். வீட்டுக்கு வருகிற சிநேகிதர்களிடம் நான் சொல்வேன், நம்ம வீட்ல தலைகாணிக்குப் பஞ்சமில்ல, என்ன, தலையோட வரும். அவர்கள் சிரிப்பார்கள், அவளும் பக்கோடாத் தட்டை நீட்டிக்கொண்டே சிரிப்பாள், சிரிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வந்தபிறகு மாடி அறையை எடுத்துக்கொண்டாள். நான் ஒரு தரம்கூட மாடி ஏறிப் பார்க்கவில்லை. ஏறாமலே எல்லாம் கீழே வந்தது, பஞ்சு படியிறங்கி வரும், ரசத்தில் மிதக்கும், கீபோர்டு இடுக்கில் நுழையும், நேர்காணலின்போது எதிரே இருக்கிறவன் பேசப் பேச ஒரு இழை காமிரா முன்னால் நிதானமாக மிதந்து போகும், நான் ஊதக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கடைசி நேர்காணல். எதிரே இருந்தவனுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். குழந்தைவேல் என்கிற பெயரை அங்கே எவனும் முழுசாகச் சொன்னதில்லை, இவனும் வேல், வேல் என்றே கூப்பிட்டான், முருகனைக் கூப்பிடுகிற மாதிரி. அஞ்சு வருசம் கழிச்சு உங்களை எங்கே பார்க்கறீங்க, வேல். ஐந்து வருடம் கழித்து ஐம்பத்து மூன்று வயதில் பார்ப்பேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பேன், என்று சொல்லவில்லை, தலைமை தாங்குவது பற்றி ஏதோ சொன்னேன். பாதி வாக்கியத்தில் திரை நின்றது. அவன் முகம் கொட்டாவியின் நடுவில் உறைந்து நின்றது. மறுபடி கூப்பிடுவான் என்று டையைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. நெட்டு போயிருக்கும் என்று நினைத்தேன், எழுந்து போய் அந்த டப்பாவைப் பார்த்தேன், பச்சை விளக்குகள் எல்லாம் கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தன.

ரோஹித் வந்து எனக்கும் என் பொம்மைக்கும் நடுவில் நிற்கிறான். லினன் ஜிப்பா, கசங்குவதற்கென்றே இஸ்திரி போட்டது. "ஸார், இந்த பீஸ்தான் ஷோவோட ஹார்ட். யாருன்னு மேடம் சொல்லவே மாட்டேங்கறாங்க. நான் பாக்கறப்ப கார்ப்பரேட் அடிமை, அப்படி ஒரு ஸ்டேட்மெண்ட்" என்கிறான், கண்ணை என் முகத்தில் வைத்துக்கொண்டே. ஏணி மேலிருந்து விளக்குக்காரர், "அதெல்லாம் இல்லீங்க. அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிங்க அவரு. இப்பத்தான் எல்லா அபார்ட்மெண்ட்லயும் டை கட்டச் சொல்றாங்கல்ல. ஷிப்ட் முடிஞ்சு படுத்துட்டாரு" என்கிறார். "வாவ், அதுவும் ஒரு ரீடிங்" என்கிறான் ரோஹித். அரை மணியாக என் முகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன், இவனுக்கு இரண்டு முகத்தையும் அருகருகே வைத்தும் தெரியவில்லை. மீசை அதே மீசை. முன்நெற்றி ஏறிப்போனதும் அதே மாதிரி ஏறிப்போயிருக்கிறது. பயம் போன இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, டேய் நான்தாண்டா அது என்று அவன் ஜிப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது, உலுக்கினால் வேலை போனதும் சேர்ந்து கொட்டும். "எடுத்த எடத்துலயே விட்ருந்தா நல்லாருந்திருக்கும்" என்கிறேன். "ஸார்?" "போட்டோவ. போட்டோவாவே விட்ருக்கலாம்." "இல்ல ஸார், போட்டோன்னா பாத்துட்டுப் போயிருவாங்க. இதுக்குப் பக்கத்துல வந்தா எல்லாரும் காலடிச் சத்தமில்லாம நடக்கறாங்க, கவனிச்சீங்களா" என்கிறான். கவனிக்கவில்லை. அவன்கூட ஏதோ ஒன்றைக் கவனித்திருக்கிறான் என்பது எரிச்சலாக இருக்கிறது.

எனக்குத் தெரியாமல் எடுத்த படம். தூங்குகிறவனை. இந்த வாக்கியம் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் சிக்குகிறது, சட்டைக் கை கதவுக் கொண்டியில் மாட்டுகிற மாதிரி, விடுவித்துக்கொண்டு மறுபடி போனால் மறுபடி அங்கேயே. அந்த நேர்காணல் பாதியில் நின்ற பிறகு சோபாவில் படுத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் அவள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது, கடைசிப் படியில் எப்போதும் கொஞ்சம் நின்று வருவாள், நின்றாள். என்னாச்சுங்க என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன், தூங்குகிறவர்கள் வாய் திறந்திருக்கும் என்று. கைகளைத் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டேன், அது மட்டும் நடிப்பில்லை, குளிர்ந்தது. அவள் மேலே திரும்பிப் போனாள், மறுபடி இறங்கி வந்தாள், பிறகு அந்தச் சத்தம், காமிராவின் சின்ன நாக்குச் சொடக்கு, ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, கால்மாட்டிலிருந்து. என்ன பண்றே என்று எழுந்து உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. எதையாவது அடக்க வேண்டுமானால் எனக்குக் கால்விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும், பல் டாக்டர் நாற்காலியில், விமானம் தரையைத் தொடும்போது. அப்போதும் மடங்கியிருந்தன. அதை அவள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பாள். ராத்திரி தோசைக்குத் தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்றுதான் கேட்டாள்.

வாசலில் கார் நிற்கிறது. யாரும் எதிர்பார்க்காத நேரம், ரோஹித் சமோசாவை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். குத்துவிளக்கு ஏற்ற வருகிற சௌந்தரநாயகி அம்மா, ஏதோ பெண்கள் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், டிரைவர் நேரத்தைத் தப்பாகச் சொல்லி முன்னாலேயே கூட்டிவந்துவிட்டானாம். ஒரு கண்ணில் புரை எடுத்ததற்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி. கண் தெரியாதவரை அழைத்து கலைக் கண்காட்சியைத் திறந்துவைப்பது இந்த ஊரின் மற்றொரு கலை. மங்கை கையைப் பிடித்துக் கூட்டிவர, "நீ உன்ற வேலையப் பாரு கண்ணு, நான் மெதுவாச் சுத்தறேன்" என்று விடுவித்துக்கொண்டு தனியாக வருகிறார், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. அத்தை காலை ஏறிட்டுப் பார்க்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். ஏணிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், அந்த அம்மா உதட்டில் விரல் வைத்து அவரை அடக்குகிறார். குனிகிறார். முட்டிக்கு மேல் ஏறிக் கிடந்த லுங்கியை இரண்டு விரலால் பிடித்து, தூக்கம் கலையாத பதத்தில், மெதுவாக இழுத்துக் கணுக்கால் வரை விட்டு, ஓரத்தை ஒருமுறை நீவிவிடுகிறார். எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்த கை. நிமிர்ந்து, நாற்காலியில் இருக்கிற என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்கிறார், "உங்க ஆளுங்களா தம்பி?" "ஆமாங்க" என்கிறேன். "பாவம், பெரிய எடத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்குது, பாதியிலயே படுத்துட்டாரு. எழுப்பிப்போடாதீங்க." பொம்மைங்க அது, என்று சொல்ல வேண்டும். முன்னாள் முதல்வர் ஒருவரை அசடாக்கிப் பார்க்கிற வாய்ப்பு, வேறொரு நாளானால் விட்டிருக்க மாட்டேன். "இல்லைங்க, எழுப்பலைங்க" என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு, வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்து போகிறார். பெரிய இடத்துக்குக் கிளம்பின மாதிரி. அடிமையும் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அந்த அம்மாதான் பார்த்திருக்கிறார்.

ஆனால் இப்போது அவன் சரியாகிவிட்டான். மூடின கால், இழுத்துவிட்ட லுங்கி, டை. ஏதோ பண்டிகை நாளில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மாமனார் மாதிரி இருக்கிறான். எல்லோரும் இவனைப் பார்ப்பார்கள், வயிறு நிறைந்த மனுசன் என்று சொல்லிவிட்டு சமோசாவுக்குப் போவார்கள். நிம்மதியாக இருக்க வேண்டும் எனக்கு. அலுத்துப்போச்சுங்க, பனி தள்றது, அந்த வாசகத்துக்கு ஏற்ற பொம்மை இதுதான், இதை இப்படியே வைத்துக்கொள் என்று மங்கையிடம் சொல்லிவிட்டு நானும் சமோசாவுக்குப் போகலாம். எழுந்திருக்கிறேன். பலகைக்குப் பக்கத்தில் போனதும் என் காலும் சத்தமில்லாமல் நடக்கிறது, கவனிக்கிறேன், கவனித்ததற்காக ரோஹித்தை இன்னும் கொஞ்சம் வெறுக்கிறேன். குனிந்து லுங்கியைப் பிடிக்கிறேன், துவைத்துத் துவைத்து மெலிந்த என் லுங்கி, முட்டிக்கு மேல் ஏற்றுகிறேன், தழும்பு வருகிறது, இன்னும் கொஞ்சம், இதுதான், இந்த அளவுதான். கை கீழே போகும்போது விளக்கு படாத கால்மாட்டில் பாதம் தட்டுப்படுகிறது. தடவிப் பார்க்கிறேன். மற்ற இடமெல்லாம் பஞ்சு, அமுக்கினால் அமுங்குகிறது. விரல்கள் மட்டும் கல்லு மாதிரி. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் தைத்து, உள்பக்கம் மடக்கி, நூலை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறாள், பத்து விரலும் உள்ளங்காலைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. தூங்குகிறவனின் கால் இப்படி இருக்காது. தூங்குகிறவனைத் தைக்க வேண்டுமானால் இவ்வளவு நூல் வேண்டாம். எத்தனை நாள் மாடியில் உட்கார்ந்து இதை இழுத்துக் கட்டினாளோ, கீழே நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது.

"ஸார், ஸார், ப்ளீஸ் தொடாதீங்க" என்று ரோஹித் வாசலிலிருந்தே கிசுகிசுத்துக்கொண்டு வருகிறான். மங்கை அவனைத் தாண்டி வந்துவிட்டாள். என் கையைப் பார்க்கிறாள், முட்டியைப் பார்க்கிறாள். "அந்தம்மா இழுத்து விட்டுட்டாங்க" என்கிறேன். "பாத்தேனுங்க." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள், துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. "என்னுங்க, எடுத்துடட்டுமா? வேன் நிக்குது." வெளியில் மறுபடி கார் கதவுகள், பேச்சுக்குரல், யாரோ பெரிதாகச் சிரிக்கிறார்கள். என் செருப்புக்குள் விரல்கள் மடங்கியிருப்பது தெரிகிறது, விட்டுப் பார்க்கிறேன், விட மாட்டேன் என்கின்றன. ஏணியை அண்ணாந்து பார்க்கிறேன்.

"லைட்டுப் போட்ட ஆளுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு வேண்டாமா" என்கிறேன். "காலு இருட்டுல கெடக்குது பாரு. இங்க திருப்பச் சொல்லு."